டிரைவர் வாயை மூடட்டும்

தரமணி ஆபீஸில் என் மேசை மேல் இருந்த லினக்ஸ் போர்டு (சின்ன கணினிப் பலகை) பூட் ஆக ரொம்ப நேரம் எடுத்தது. போர்டு தன் செய்திகளை வரிவரியாக அனுப்பும் சீரியல் கன்சோலைப் பார்த்தால் தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெரு மாதிரி ஒரே இரைச்சல்: "புரோப் ஆரம்பம்", "புரோப் முடிந்தது", "இங்கே வந்தாச்சு". எல்லாம் என் டிரைவரில், அதாவது ஒரு ஹார்ட்வேரை இயக்கும் நிரலில், நானே எழுதிய வரிகள்தான். புரோப் என்பது டிரைவர் தன் ஹார்ட்வேரைத் தயார் செய்யும் கட்டம். 1,15,200 பாட் (விநாடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் 80 எழுத்துள்ள ஒரு வரி போகவே சுமார் 7 மில்லிசெகண்ட் ஆகும்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் லாக் நிலைகள், அதாவது செய்திகளின் அவசர அளவுகள், 0 முதல் 7 வரை; 0 மிக அவசரம், 7 வெறும் டீபக் (பிழை தேட உதவும் செய்தி). ஒழுங்காக ஓடும் டிரைவர் பேசவே கூடாது என்பதுதான் அங்கே வழக்கம். அதனால் சாதாரணத் தகவல் சொல்லும் டெவ்_இன்ஃபோ (dev_info) வரிகளை டீபக் நிலையில் எழுதும் டெவ்_டிபிஜி (dev_dbg) ஆக்கிவிடுங்கள். டைனமிக் டீபக் வசதி உள்ள கெர்னலில், அந்த வரிகளை வேண்டும்போது மறுபடி கம்பைல் செய்யாமலே ஆன் செய்துகொள்ளலாம்.

கிளாக்கோ (துடிப்பு தருவது) ரெகுலேட்டரோ (மின்சாரம் தருவது) தயாராகாமல் புரோப் தள்ளிப்போனால் வரும் பொய் எரருக்கு டெவ்_எர்ர்_புரோப் (dev_err_probe) போடுங்கள். அது அந்த எரரை டீபக் நிலைக்கு இறக்கிவிடும். ஹார்ட்வேர் கூப்பிடும்போதெல்லாம் ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் என்றால், வரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் ரேட்லிமிட் வகைதான் சரி, இயல்பாக 5 விநாடிக்கு 10 வரி மட்டும் விடும். மெமரி கிடைக்கவில்லை என்று தனியாக அழ வேண்டாம், பெரும்பாலும் கெர்னலே அழுதுவிடும்.

நிஜ எரரை மட்டும் தொடாதீர்கள். உற்சாகத்தில் அதையும் டீபக் ஆக்கி, அப்புறம் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.