எ – எருமை: கறுப்புப் பென்சிலைத் தொடாமல் கறுப்பு வரைவோம்

தமிழ் எழுத்துகளுக்கு ஓர் ஓவிய நோட்டு போட ஆசையா? அப்படியென்றால் நம் வடசென்னையில் கண்ணில் படும் உயிர்களிலிருந்தே ஆரம்பியுங்கள். இ-க்கு இறால், ஊ-வுக்கு ஊசிக்கணவாய், ஐ-க்கு ஐந்து நெத்திலி. எல்லாமே காசிமேட்டில் கிடைக்கும். ஓணானுக்குப் பக்கத்து காம்பவுண்டு சுவர் போதும். ஔ-வுக்கு ஔவையாரை வரைந்து, தோளில் ஒரு கிளியை உட்கார வைத்துவிடுங்கள்.

முதலில் எருமையை வரையச் சொல்வேன். கலர் பென்சிலில் எல்லாரும் தடுமாறுவது கறுப்பு நிறத்தில்தான். எருமை ஒன்றை ஒழுங்காக முடித்துவிட்டால் காக்கை, கரிக்குருவி எதற்கும் பயம் இருக்காது.

என்னென்ன வேண்டும்

காகிதம்தான் முக்கியம். 150 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) அல்லது அதற்கு மேல், லேசான சொரசொரப்போடு இருக்கட்டும். வழவழப்பான தாள் இரண்டு மூன்று பூச்சுக்கு மேல் நிறத்தைப் பிடிக்காது. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். பென்சிலுக்கு டோம்ஸ், கேம்லின் எதுவானாலும் 24 நிறப் பெட்டி போதும். மை தீர்ந்த ஒரு பால்பாயிண்ட் பேனாவும் எடுத்து வையுங்கள்.

1. உருவம்

மணலி, எண்ணூர் பக்கம் தண்ணீர் தேங்கிய வெளிகளில் எருமைகளைப் பார்த்தால், பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் நல்லது. நாட்டு மாட்டுக்கு இருக்கும் திமிலும், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியும் எருமைக்குக் கிடையாது. முகத்தை முன்னால் நீட்டி நிற்கும், கொம்பு பின்னால் சாய்ந்திருக்கும், காது கொம்புக்குக் கீழே பக்கவாட்டில் விரியும். இந்த மூன்றும் சரியாக வந்தால் எருமை வந்துவிட்டது.

எச்பி பென்சிலால் மெல்லக் கோடு போட்டு, 'எ' எழுத்தையும் ஒரு மூலையில் பெரிதாக வரையுங்கள். பிறகு ரப்பரால் ஒற்றி, கோடு மங்கலாகத் தெரியும் அளவுக்கு விடுங்கள். கரிக்கோடு அழுத்தமாக இருந்தால் மேலே பூசும் வெளிர் நிறம் அழுக்காகிவிடும்.

2. முடி

உடல் முழுக்க மஞ்சள் காவி நிறத்தை லேசாகப் பூசுங்கள். அதற்கு மேல் மை தீர்ந்த பேனாவால் காது ஓரம், தாடை, வால் நுனியில் முடி முடியாக அழுத்திக் கீறுங்கள். இப்போது ஒன்றும் தெரியாது. பின்னால் அடர்நிறம் பூசும்போது பென்சில் அந்தப் பள்ளத்துக்குள் இறங்காது. காவி நிற முடி பளிச்சென்று எழுந்து வரும். நிறைய கீறாதீர்கள், எருமைக்கு முடி குறைவு.

3. கறுப்பு

இங்கேதான் பொறுமை வேண்டும். பென்சிலைப் பின்னால் தள்ளிப் பிடியுங்கள், அப்போது கை தானாகவே அழுத்தாது. அடர் பழுப்பைச் சின்னச் சின்ன வட்டமாக, உடலின் வளைவோடு ஓட்டுங்கள். முதுகு, இடுப்பெலும்பு, விலாவில் வெயில் விழும் இடங்களைக் காவியாகவே விட்டுவிடுங்கள். அதன் மேல் கருநீலம். மறுபடி பழுப்பு, மறுபடி கருநீலம். நாலைந்து பூச்சில் கறுப்பு வந்துவிடும், உள்ளே ஒரு சூடும் இருக்கும். நேராகக் கறுப்புப் பென்சிலால் அடித்தால் அந்த இடம் தட்டையாகிவிடும். வெயிலும் நிழலும் ஒன்றாகிவிடும். வயிற்றின் அடிப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் வெளிரியே விடுங்கள், தரையில் பட்ட வெளிச்சம் அங்கே திரும்பி விழும்.

பென்சிலை அடிக்கடி சீவுங்கள். மழுங்கிய முனை காகிதத்தின் குழிகளில் இறங்காமல் வெள்ளைப் புள்ளிகளை விட்டுவிடும்.

சந்தேகம் வந்தால் உங்கள் ஓவியத்தைப் போனில் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முதுகுக்கும் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் இன்னும் ஒரு பூச்சு வேண்டும்.

4. கொம்பும் கண்ணும்

கொம்பின் குறுக்கே வளைகோடுகள், அதற்கு மேல் சாம்பல், நுனியில் அடர்த்தி. கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளியை ஆரம்பத்திலிருந்தே காலியாக விடுங்கள். பிறகு கொண்டுவர முடியாது.

5. மெருகு

ஈரத் தோலின் பளபளப்பு வேண்டுமானால் வெயில் விழும் இடங்களில் வெள்ளைப் பென்சிலை நன்றாக அழுத்தித் தேயுங்கள். அப்புறம் அந்த இடம் வேறு நிறத்தைச் சரியாக ஏற்காது, அதனால் இது கடைசி வேலை.

நம் ஊர் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்வை பட்டுத் தாள் நெளியும், நிறமும் இழுபடும். கைக்குக் கீழே எப்போதும் ஒரு துண்டுக் காகிதம் இருக்கட்டும். மெழுகு கலந்த கலர் பென்சிலாக இருந்தால் சில நாளில் கறுப்பின் மேல் வெளிர் படலம் படியலாம். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். அடுத்த எழுத்துக்குப் போகும்முன் இடையில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து நோட்டை மூடுங்கள்.