பிள்ளைங்களோட பெலும் காட்டுக்கு காடியில போறீங்களா?

பினாங்குல இருந்து, மலேசியா பேராக் மாநிலத்துல இருக்குற பெலும் காட்டுக்கு கேம்பிங் போறதுன்னா டெண்ட், அடுப்பு எல்லாம் அப்புறம், முதல்ல அலாரத்த விடிகாலை 4 மணிக்கு வைங்க. நாங்க முதல் தடவ போனப்ப புக்கிட் மெர்தாஜாம்ல நிறுத்தி ஆற அமர பசியாறிட்டு, மாமியார் மாத்திரைய மறந்துட்டாங்கன்னு திரும்ப வீட்டுக்கு ஓடி, கெரிக் தாண்டுறப்பவே பொழுது சாஞ்சிருச்சி, முன்னால மர லாரி, சுத்தி பனி, பின் சீட்ல ஒருத்தரும் மூச்சு விடல.

ரூட்டு ஈஸிதான், கூலிம், பாலிங், பெங்காலான் ஹூலு, கெரிக். பெட்ரோல், ஐஸ், தண்ணி, மதிய சாப்பாடு தாப்பாவ் (பொட்டலம் கட்டி வாங்கறது), எல்லாத்தையும் கெரிக்லயே முடிச்சிடுங்க. அதுக்கப்புறம் 1982ல திறந்த கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, ரெண்டு பக்கமும் காடு, போன்ல லைன் வரும் போகும். புலாவ் பாண்டிங் ஜெட்டி, அதான் படகுத்துறை, ஒரு 40 கிலோமீட்டர்தான், ஆனா அது யானை கடக்கற ரோடு. 2025 அன்னையர் தினத்தன்னிக்கி இங்கதான் குட்டி யானை லாரிக்கடியில மாட்டி செத்துச்சி, தாய் அந்த லாரிய விட்டு நகராம தலைய முட்டிகிட்டு நின்ன வீடியோவ பாத்திருப்பீங்க. அதனால இருட்டுல வேணவே வேணாம். பகல்ல யானைய பாத்தாலும் ஹார்ன் அடிக்காதீங்க, லைட் போடாதீங்க, தூரத்துலயே நிறுத்தி, செல்ஃபிக்கு யாரையும் இறங்க விடாம, அது போற வரைக்கும் சும்மா இருங்க.

ஜெட்டியில காடிய விட்டுட்டு படகுதான். நாம போற ராயல் பெலும் பகுதி 2007ல ஸ்டேட் பார்க் ஆனது, பெர்மிட் இல்லாம உள்ள போக முடியாது, படகு ஏற்பாடு பண்றவங்ககிட்டயே முன்கூட்டி எடுக்க சொல்லிடுங்க. உலகத்துலயே பெரிய பூவான ரஃப்லேசியா பாக்கணும்னா அதையும் அப்பவே கேளுங்க, பூத்து சில நாள்லயே கருகிடும்.

டெண்ட் போடற எடம்தான் முக்கியம். ஆத்தோரமா மணல் திட்டு மெத்து மெத்துன்னு இருக்கும், பிள்ளைங்க அங்கதான் வேணும்னு அடம் பிடிக்கும், ஒத்துக்காதீங்க. மேல மலையில மழ கொட்டினா இங்க வெயில் அடிக்கறப்பவே கெப்பாலா ஆயிர், அதான் திடீர் காட்டாத்து வெள்ளம், வந்துடும். தண்ணி திடீர்னு கலங்கி, இல, சுள்ளியெல்லாம் மிதந்து வந்தா சட்டி பானைய அப்படியே போட்டுட்டு மேட்டுக்கு ஏறிடணும். கரைய விட்டு நல்லா ஒசரமான எடமா போட்டா ராத்திரி நிம்மதியா தூங்கலாம். நவம்பர்ல இருந்து மழக்காலத்துல நான் பிள்ளைங்கள கூட்டிட்டு போகவே மாட்டேன்.

சாப்பாட்ட டெண்டுக்குள்ள வைக்காதீங்க, குரங்கு, காட்டுப்பன்னி தேடி வரும். ஆத்து தண்ணிய கொதிக்க வச்சி குடிங்க. முட்டி வரைக்கும் சாக்ஸ், கொஞ்சம் உப்பு, அட்டைக்கு அது போதும். திரும்பறப்ப காடியில ஏறுறதுக்கு முன்னால எல்லாத்தையும் நல்லா உதறுங்க, எங்க காடியில ஒண்ணு கூலிம் வரைக்கும் கூடவே வந்துச்சி, மாமியார் கால்ல.