வீட்டில ப்ரொக் ரொக் ரெக்கோர்ட் பண்ணேக்க தவிர்க்க வேண்டிய பிழையள்

போன போயாவுக்கு (பௌர்ணமி லீவு) கொழும்பு வெள்ளவத்தையில ஒரு நண்பன்ட ஃப்ளட்டில கூடினம். ஏழெட்டுப் பேர், ஒண்டில் வேலைக்குப் போற ஆக்கள் இல்லாட்டி கம்பஸ் பெடியள், ராவில அறைக்குள்ள இருந்து கிட்டார் வாசிச்சு லப்டொப்பில ஏத்தி பத்துப் பன்ரெண்டு நிமிஷ ப்ரொக் ரொக் (ப்ரோக்ரெசிவ் ரொக், நீளமா, எண்ணிக்கை மாறி மாறிப் போற ரொக்) பாட்டுச் செய்யிற கூட்டம். ஒருத்தர் தன்ட ட்ராக்கைப் போடுவார், மற்றவை கேட்டுப்போட்டு குறை நிறை சொல்லுவினம், இடையில ப்ளேன் டீயும் ரோல்ஸும். இந்த முறை புதுசா ரெண்டு தம்பிமார் வந்திருந்தவை. ரெண்டு பேருக்கும் நல்ல கை. ஆனா ஒரு தம்பியின்ட ட்ராக் ஓட ஓட எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது, ஏனெண்டா பத்து வருஷத்துக்கு முதல் நான் விட்ட பிழை அப்பிடியே இருக்கு, அதுவும் கிட்டத்தட்ட அதே மாதிரி இடத்தில. அண்டு ராவு வீட்ட வந்தும் மனம் கேக்கேல்ல, அதான் எழுதுறன்.

கிட்டாரை ட்யூன் பண்ணுங்கோ, கடல்காத்தில துருப்பிடிச்ச கம்பியை மாத்துங்கோ, ரெக்கோர்ட் பண்ணேக்க ஃபானை நிப்பாட்டுங்கோ, இதெல்லாம் நான் சொல்லத் தேவையில்ல. ஒருக்கா விட்டா நீங்களே திருந்துவியள்.

எண்ணாம ரெக்கோர்ட் பண்ணுறது

இதைத்தான் கனக்கச் சொல்லப்போறன், இண்டைக்கு நினைச்சாலும் எரிச்சல் வாற விஷயம் இது.

என்னட்ட ஏழு எண்ணிக்கையில ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வாற சின்னக் கிட்டார் துண்டு) இருந்தது, 7/8, அதாவது ஒரு சுத்தில ஏழு அரை அடி, டெம்போ நிமிஷத்துக்கு 132 அடி. பாட்டு மொத்தம் பதினொரு நிமிஷம். முதல் மூண்டு நிமிஷம் ஸ்லோவா ஒரு இன்ட்ரோ, பேந்து இந்த ரிஃப் தொடங்கும். சொஃப்ட்வெயரில ப்ரொஜெக்டைத் திறந்தா அது தன்பாட்டில 4/4ல தான் நிக்கும், அதை மாத்த வேணுமெண்டு எனக்கு அப்ப தெரியாது. அது ஒவ்வொரு முழு அடிக்கும் போடுற க்ளிக்குக்கு (தாளம் காட்டுற டிக் டிக் சத்தம்) மேல ஏழை வாசிச்சா என்ன நடக்கும் எண்டா, முதல் சுத்தில க்ளிக் உங்கட ஒண்டில வந்து விழும், அடுத்த சுத்தில ஒண்டை விட்டிட்டு ரெண்டில விழும், ரெண்டு சுத்து முழுசா முடிஞ்சாத்தான் திரும்ப ஒண்டில சேரும். எனக்கு அது தலையிடியா இருந்தது. க்ளிக் பிழையா அடிக்குது எண்டு நினைச்சு அதை நிப்பாட்டிப்போட்டு 'ஃபீலில' வாசிச்சன். ஃபீல் தானே ரொக் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன்.

அதுக்கு மேல கொட்டாஞ்சேனையில இருக்கிற நண்பன் ஒருத்தன் காதால கேட்டே பேஸ் போட்டான். காதால கேட்டு வாசிச்சபடியா நான் போன பக்கமெல்லாம் அவனும் வந்தான், அதால பிழை வெளியில தெரியேல்ல. ரெண்டையும் சேத்து நாலைஞ்சு பேருக்குக் கேட்கக் குடுத்தன். ரெண்டு பேர் சொன்னவை, "மச்சான், மூண்டரை நிமிஷத்துக்குக் கிட்ட என்னவோ இடறுது, பேஸ் சவுண்ட் அடைச்ச மாதிரி இருக்கு" எண்டு. நான் அதை நம்பி ஒரு மாதமா பேஸின்ட ஈக்யூவைத் (சத்தத்தில எந்தப் பகுதி கூடவேணும், எது குறையவேணும் எண்டு மாத்துறது) திருகிக்கொண்டிருந்தன். 200 ஹேர்ட்ஸில வெட்டினன், 400ல வெட்டினன், கொம்ப்ரெஸர் மாத்தினன், ப்ளக்-இன் கூட வாங்கினன். இடறல் போகேல்ல.

பேந்து உண்மையான ட்ரம்ஸ் வேணும் எண்டு ட்ரம் செட் இருக்கிற ஒரு இடத்தை மணித்தியாலக் கணக்கில எடுத்தம். மூண்டு மணித்தியாலம், அந்த மாதச் சம்பளத்தில பெரிய துண்டு ஒண்டு போச்சுது. ட்ரமர் என்ட கம்பஸ் நண்பன், என்னை விட நல்ல இசைகாரன். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொடங்குவான், ரிஃப் வரேக்க நல்லா வாசிப்பான், ஒரு இடத்தில கால் தடக்கின மாதிரி விழுவான். திரும்ப முதலில இருந்து. திரும்ப அதே இடத்தில விழுவான். பத்துத் தரம், பதினைஞ்சு தரம். ஒண்டரை மணித்தியாலம் போனாப் பிறகு எனக்கு சரியான கோவம் வந்திட்டுது, "உனக்கு ஏழு எண்ணத் தெரியாட்டி முதலே சொல்லியிருக்கலாமே" எண்டு ஏசிப்போட்டன். அவன் ஒண்டும் கதைக்கேல்ல. குச்சியை பேக்குக்குள்ள வைச்சிட்டு காசில தன்ட பங்கையும் மேசையில வைச்சிட்டுப் போனான்.

ரெண்டு நாள் கழிச்சு ராவு குசினி மேசையில ஹெட்போனோட இருந்து என்ட கிட்டார் ட்ராக்கை மட்டும் போட்டு எண்ணினன். சின்னனில கொஞ்ச வருஷம் மிருதங்கம் பழகினனான், ஏழெண்டா மிஸ்ர சாபு எண்டு கை தானா எடுக்கும், தகிட தகதிமி, மூண்டும் நாலும். விரலால மேசையில தட்டித் தட்டி ஒவ்வொரு சுத்தையும் கொப்பியில கோடு போட்டன். தகிட தகதிமி ஒண்டு, தகிட தகதிமி ரெண்டு. இருபத்திமூண்டாவது சுத்தில தகிட தகதி எண்டதோட அடுத்த சுத்து தொடங்கிட்டுது. 'மி' இல்ல. ஒரேயொரு அட்சரத்தை நான் விழுங்கியிருக்கிறன், 132 டெம்போவில அது கால் செக்கன் கூட வராது. அதோட பகுதி தொடங்கேக்க 132ல இருந்த நான் முடிக்கேக்க 139க்குப் போய் நிக்கிறன். அந்த ட்ரமர் பெடியன் ஒழுங்கா ஏழு எண்ணினபடியாத்தான் விழுந்தவன். கேட்டவை சொன்ன 'இடறலும்' அதே இடம்தான்.

அடுத்த நாள் வேலை முடிஞ்சு தெஹிவளைக்குப் போய் அவனிட்ட மன்னிப்புக் கேட்டன், காசைத் திருப்பிக் குடுத்தன். கிட்டார், பேஸ் எல்லாத்தையும் அழிச்சிட்டு முதலில இருந்து தொடங்கினம். நாலு மாத வேலை.

இப்ப நான் செய்யிறது இதுதான். கிட்டாரைக் கையில எடுக்க முதல் கொப்பியில பாட்டை எழுதுறன்: எந்தப் பகுதி, என்ன எண்ணிக்கை, எத்தினை சுத்து, என்ன டெம்போ. அதை அப்பிடியே சொஃப்ட்வெயரில டெம்போ மப்பா போடுறன், பகுதிக்குப் பகுதி டைம் சிக்னேச்சரையும் (4/4, 7/8 எண்ட எண்ணிக்கை) மாத்துறன். அதோட வாற க்ளிக்கை நான் பாவிக்கிறதில்ல. மிடியில (கொம்ப்யூட்டரில செய்யிற வாத்தியச் சத்தம்) ஒரு ரிம்ஷொட் (ட்ரம்மின்ட விளிம்பையும் தோலையும் ஒண்டா அடிக்கிற) சத்தத்தை எடுத்து ஒண்டில பலமா, நாலில மெதுவா, மிச்சம் ஐஞ்சுக்கும் சின்ன ஹைஹட் எண்டு நானே ஒரு க்ளிக் செய்வன், அப்ப 3+4 காதில தெளிவா விழும். உங்கட ரிஃப் 4+3 எண்டா பலத்தை அதுக்கேத்த மாதிரி மாத்துங்கோ, அது முக்கியம், எண்ணிக்கை சரியா இருந்தும் பிரிப்பு பிழைச்சா ட்ரமருக்கு நரகம். ஐஞ்செண்டா தக தகிட எண்டு 2+3. மிருதங்கம் பழகாட்டிலும் இந்த ரெண்டு சொல்லையும் வாயால சொல்லிப் பழகுங்கோ, பஸ்ஸில போகேக்க சொல்லலாம், காசு செலவில்ல. பைலா கேட்டு வளந்த காதுக்கு 6/8 தானா வரும், எங்கட ஆக்கள் அதில விழுறதைக் காண்றது குறைவு. விழுறது ஐஞ்சிலயும் ஏழிலயும்தான்.

அட்சரத்தைக் குறைக்கவே கூடாது எண்டு நான் சொல்லேல்ல. பிங்க் ஃப்ளொய்ட் எண்ட இங்கிலாந்து பாண்ட் 1973ல வெளியிட்ட 'மணி' பாட்டை எடுங்கோ, அது 7/4ல போகும், சக்ஸபோன் சோலோ கூட ஏழிலதான், கிட்டார் சோலோ வரேக்க 4/4க்கு மாறும், பேந்து திரும்ப ஏழு. அங்க முழு பாண்டும் ஒண்டா மாறுது, ஏனெண்டா எங்க மாறவேணும் எண்டு எல்லாருக்கும் தெரியும். நான் விட்டது அப்பிடியில்ல. நீங்கள் ஒரு அட்சரத்தை விழுத்தத்தான் போறியள் எண்டா கொப்பியில எழுதி, டெம்போ மப்பிலயும் அந்த ஒரு சுத்தை 6/8 எண்டு போட்டு மற்றவைக்கும் சொல்லுங்கோ. க்ளிக் இல்லாம இழுத்து வாசிக்கிற இன்ட்ரோ வேணுமெண்டா அதையும் செய்யலாம், ஆனா வாசிச்சு முடிச்ச உடன அந்த வாசிப்புக்கு மேல டெம்போ மப்பைக் கையால இழுத்துப் பொருத்துங்கோ, அதுக்குப் பிறகு மட்டும்தான் மற்றவையிட்ட ட்ராக் போகவேணும்.

போயாவுக்கு வந்த தம்பியின்ட ட்ராக்கில ஐஞ்சாவது நிமிஷத்தில ஒரு சுத்தில ஒரு அட்சரம் குறையுது. எல்லாரும் அவனுக்கு ஸ்னெயார் சவுண்டை மாத்து, ரிவேர்ப்பைக் குறை எண்டு சொல்லிக்கொண்டிருந்தவை. இடத்தைச் சரியாப் பிடிச்சவை, காரணத்தை இல்ல. நான் அவனைப் பக்கத்தில இருத்தி மேசையில தட்டிக் காட்டினன், மூண்டாந்தரம் தட்டேக்க அவனே கையை நிப்பாட்டிட்டு என்னை நிமிர்ந்து பாத்தான்.

ஆறு ரிஃப்பை வரிசையா ஒட்டுறது

நீளம் இருந்தா ப்ரொக் ஆகிடும் எண்டு ஒரு நினைப்பு இருக்கு. புது ரிஃப் வரும், போகும், இன்னொண்டு வரும், பழசு ஒண்டும் திரும்பி வராது, பன்ரெண்டு நிமிஷம் முடிய எதையும் முணுமுணுக்க ஏலாது. கீர்த்தனையில அனுபல்லவி பாடியும் பல்லவிக்கு வருவினம், சரணம் பாடியும் பல்லவிக்கு வருவினம், சும்மா இல்ல. உங்கட முதல் ரிஃப்பை கடைசியில வேற ஸ்கேலிலயோ பாதி வேகத்திலயோ ஒருக்காவெண்டாலும் கொண்டு வாங்கோ, கேட்கிறவனுக்கு வீட்டை வந்த மாதிரி இருக்கும்.

இஃபெக்டோட மட்டும் ரெக்கோர்ட் பண்ணுறது

டீஐ சிக்னலையும் (இஃபெக்ட் போட முதல் கிட்டாரில இருந்து நேரா வாற சத்தம்) பக்கத்தில ஒரு ட்ராக்கில வைச்சிருங்கோ. டிஸ்டோர்ஷனைப் பிறகு கழுவ ஏலாது.

44.1ம் 48ம்

ஒருத்தர் 48 கிலோஹேர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில (செக்கனுக்கு எத்தினை தரம் சத்தத்தை அளக்குது எண்ட கணக்கு) ரெக்கோர்ட் பண்ணி அனுப்ப, மற்றவர் 44.1 ப்ரொஜெக்டில மாத்தாம இழுத்துப் போட்டா பாட்டு மெதுவாகும், சுருதியும் கிட்டத்தட்ட ஒண்டரை செமிடோன் இறங்கும். இதை வைச்சு ரெண்டு பேர் "நீ ட்யூன் பண்ணேல்ல" எண்டு சண்டை பிடிச்சதைக் கண்டிருக்கிறன். சேர்ந்து வேலை செய்யிற எல்லாரும் ஒரே ரேட், 24 பிட் வேவ், ஒவ்வொரு ஃபைலும் பாட்டின்ட பூச்சியத்தில இருந்து தொடங்கவேணும், நீங்கள் ஒன்பதாவது நிமிஷத்தில நாலு நோட் மட்டும் வாசிச்சிருந்தாலும். ஃபைல் பேரிலயே டெம்போவை எழுதுங்கோ.

50, 60 இல்ல

அமெரிக்க வீடியோக்களில இரைச்சலை 60 ஹேர்ட்ஸில வெட்டச் சொல்லுவினம். எங்கட கரண்ட் 50. 50, 100, 150ல பாருங்கோ. லப்டொப் சார்ஜரைக் கழட்டின உடன இரைச்சல் நிண்டா சார்ஜரில்லாம பட்டரியில ரெக்கோர்ட் பண்ணுங்கோ, வெட்ட வேண்டிய தேவையே வராது.

கேட்கக் குடுக்கிற மிக்ஸை அமுக்கிறது

லிமிட்டரை (பலமான இடங்களை அமுக்கி முழுச் சத்தத்தையும் கூட்டுற ப்ளக்-இன்) கழட்டிப்போட்டு அனுப்புங்கோ. ஸ்பொட்டிஃபை எப்பிடியும் மைனஸ் 14 லஃப்ஸுக்குக் (சத்தத்தை அளக்கிற அலகு) கிட்ட சத்தத்தைச் சமப்படுத்தும், நீங்கள் அமுக்கி எடுத்த சத்தம் அங்க போய் இறங்கும், மெதுவான பகுதிக்கும் பலமான பகுதிக்கும் இருந்த வித்தியாசம்தான் வீணாப் போகும். இந்த இசைக்கு அந்த வித்தியாசம் உயிர்.

பக்கப்

2022ல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தனாங்கள். ரெண்டு இடத்தில சேவ் பண்ணுங்கோ.

"எப்பிடி மச்சான் இருக்கு?"

இப்பிடிக் கேட்டா "நல்லா இருக்கு மச்சான்" எண்டுதான் வரும், அதில ஒண்டும் செய்ய ஏலாது. ஒரு கேள்வி வைச்சிருந்து கேளுங்கோ: கீபோர்ட் சோலோ வரேக்க பேஸ் கேட்குதா, ஆறாவது நிமிஷத்தில அலுக்குதா, முதல் ரிஃப் திரும்ப வந்தது விளங்கினதா. ரெண்டு மிக்ஸை ஒப்பிடச் சொன்னா ரெண்டின்ட சத்தத்தையும் முதல் சமப்படுத்துங்கோ, சத்தம் கூடினதைத்தான் எல்லாற்ற காதும் தெரிஞ்செடுக்கும்.

சொல்லுற ஆக்களுக்கும் ஒண்டு. பேனையும் கொப்பியுமா இருந்து நிமிஷத்தையும் செக்கனையும் எழுதுங்கோ, அந்த இடத்தில உங்களுக்கு என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ: இடறினது, அலுத்தது, மயிர் கூச்செறிஞ்சது, எதெண்டாலும். எந்த ப்ளக்-இன் போடவேணும் எண்டு உடன சொல்ல வெளிக்கிடாதேங்கோ. எனக்கு அண்டைக்கு "3:37ல இடறினன்" எண்டு மட்டும் ஒருத்தர் எழுதித் தந்திருந்தா நான் ஈக்யூப் பக்கம் போயிருக்கமாட்டன், எண்ணித்தான் பாத்திருப்பன்.