வாளித் தண்ணீரில் ஒரு உணவுச் சங்கிலி

ஏழாம் வகுப்புக்கு இந்தப் பாடத்தை நான் கரும்பலகையில் நடத்துவதில்லை. வயல் வரப்புக்குக் கூட்டிப் போய்விடுவேன். 10 லிட்டர் வாளி, லிட்டர் பாட்டில், டீ கிளாஸ், இருமல் மருந்து மூடி, ஊசியில்லாத சிரிஞ்சு போதும். சாயம் மட்டும் கலக்காதீர்கள். ஒருமுறை கலந்து, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் பாழ்.

வாளித் தண்ணீர்தான் நெற்பயிர் வெயிலில் சேர்த்த ஆற்றல். வெட்டுக்கிளியாக நிற்கும் பிள்ளைக்கு ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு, மீதியை வரப்பில் கொட்டுங்கள். "ஐயோ, வீணாகுதே சார்!" என்று கத்துவார்கள். கத்தட்டும், பாடமே அங்கேதான். தின்னாமல் விட்ட தாள், செரிக்காத எச்சம், சுவாசத்தில் வெப்பமாகப் போவது எல்லாம் அந்தக் கணக்கு. அப்புறம் தவளைக்கு 100 மில்லி, தண்ணீர்ப்பாம்புக்கு 10, பருந்துக்கு 1. பருந்து உள்ளங்கையைப் பார்த்து முழிக்கும்.

ஒரு படியின் ஆற்றலில் பத்தில் ஒன்றுதான் அடுத்த படிக்குப் போகும் என்பது தோராயம்தான். மின்னசோட்டாவின் சிறு ஏரி ஒன்றை ஆராய்ந்து இந்தப் படிநிலைக் கணக்கை 1942-இல் எழுதியவர் ரேமண்ட் லிண்ட்மன்.

"மண்புழு எங்கே சார்?" என்று யாராவது கேட்டால், நனைந்த மண்ணைக் காட்டுங்கள். சத்து அங்கிருந்து பயிருக்குத் திரும்பும். வெப்பமாகப் போன ஆற்றல் திரும்பாது. வாளியை மறுபடி நிரப்ப பம்புசெட்டுக்குத்தான் போக வேண்டும். அதுதான் சூரியன்.