நடையும் மாடிப்படியும்: உடம்பு தேறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தினமும் நடக்கிறீர்கள், போனும் ஸ்டெப்ஸ் கணக்கைக் காட்டுகிறது. ஆனால் போன மாதத்தைவிட இப்போது உடம்பு தேறியிருக்கிறதா என்றால் அந்த எண்ணில் பதில் இல்லை, எவ்வளவு நடந்தீர்கள் என்பது மட்டும்தான் இருக்கிறது. பத்தாயிரம் என்கிற இலக்கே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான். அதனால் எட்டாயிரத்தில் நின்றுபோனால் ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தேவையில்லை.

முதலில் ஒரே பாதை, ஒரே மாடிப்படி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இருபது நிமிடத்தில் முடிகிற, சிக்னல் குறுக்கிடாத ஒரு சுற்று போதும். வாரம் ஒருநாள் அதைக் கொஞ்சம் வேகமாக நடந்து, ஆன நேரத்தை எழுதிவையுங்கள். மற்ற நாட்களில் நிமிடத்துக்குச் சுமார் 100 ஸ்டெப்ஸ் வந்தால் மிதமான வேகம். கூட வருபவரோடு பேச முடியும், பாட்டுப் பாட முடியாது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் என்று சொல்வதில் இந்த நடை சேரும், கடை கடையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும் நடை சேராது.

மாடிப்படிதான் எனக்குப் பிடித்த பரீட்சை, ஏனென்றால் அதில் ஏமாற்ற வழியில்லை. 60 படி, அதாவது ஏறக்குறைய நான்கு மாடி, ஓடாமல் நிற்காமல் ஏறி நேரம் பாருங்கள். ஸ்பெயின் இதய மருத்துவர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் டாக்டரைப் பார்ப்பது நல்லது என்றார்கள். வீட்டில் இரண்டு மாடிதான் என்றால் அதையே ஏறுங்கள், அந்த நேரத்தை உங்களுடைய பழைய நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மேலே போனதும் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குங்கள், நின்றபடியே ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்: பழக்கம் ஏற ஏற, அந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு இன்னும் அதிகமாக இறங்கும். எடை மெஷினில் ஒன்றும் நகராத மாதத்திலும் இது நகரலாம்.

போன் காட்டும் மாடிக் கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம். காற்றழுத்தத்தை வைத்து, சுமார் மூன்று மீட்டர் உயர்ந்தால் ஒரு மாடி என்று அது கணக்குப் போடுகிறது, ஆகவே மேம்பாலத்தில் நடந்து ஏறினாலும் மாடி சேர்ந்துவிடும், அந்த சென்சார் இல்லாத போனில் கணக்கே சரியாக வராது.

எழுதிவைக்கத் தனி ஆப் எதற்கு, சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் கட்டம் போதும். நேரம், நாடி வித்தியாசம், அப்புறம் தூக்கம் சரியில்லை, சளி என்று ஒரு வார்த்தை. எப்போதும் ஒரே வேளையில், காபிக்கு முன்னால் என்றால் அதே மாதிரி செய்யுங்கள். சித்திரை வெயிலிலும் புழுக்கத்திலும் இதயம் கூடுதலாக அடிக்கும், எண்கள் மோசமாகும், அதை மார்கழிக் காலை எண்களோடு வைத்துப் பார்த்து மனம் தளராதீர்கள்.

சர்க்கரை, பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் படி ஏறிப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அளவெல்லாம் வேண்டாம், உட்கார்ந்துவிட்டு உடனே மருத்துவ உதவியைத் தேடுங்கள். முட்டி வலி இருப்பவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாலும் சிரமம். லிஃப்ட் இருந்தால் கீழே வர அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.