நெடுந்தூர நடைக்குத் தொப்பி: முதுகுப்பையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள்

தொப்பி வாங்கக் கடைக்குப் போகும்போது, நடையில் சுமக்கப்போகும் பையையும் கொண்டுபோங்கள். நாலைந்து கிலோ எடையோடு அதை மாட்டிக்கொண்டு, தொப்பியை வைத்து, ஏற்றத்தில் அண்ணாந்து பார்ப்பதுபோலத் தலையை உயர்த்துங்கள். பின்விளிம்பு பையில் இடித்தால் தொப்பி முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். அடிக்கடி கையால் தள்ளிவிட வேண்டிய தொப்பி மதியத்துக்குள் பைக்குள் போய்விடும், வெயில் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து. உயரமான பை என்றால் பின்விளிம்பு மென்மையாக மடங்க வேண்டும், அல்லது பின்னால் துணித்திரை தொங்கும் ரகம் வாங்குங்கள்.

விளிம்பு சுற்றிலும் 7.5 செ.மீ. இருக்கட்டும், ஆஸ்திரேலியப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்புகள் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. கிரிக்கெட் கேப் முகத்தை மட்டும்தான் காக்கும். காதும் பிடரியும் வெந்துபோகும். 10 செ.மீ.க்கு மேல் போனால் காற்று இழுக்கும்.

தொப்பியின் விவரச் சீட்டில் 'யு.பி.எஃப். 50+' (துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) என்றிருந்தால் புற ஊதாக் கதிரில் அதிகபட்சம் 2 சதவீதம்தான் துணியைத் தாண்டும். சீட்டு இல்லையா, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் வேண்டாம். பனையோலைத் தொப்பி காற்றோட்டத்துக்கு அருமையானது, ஆனால் பின்னல் நெருக்கமாக இருக்க வேண்டும். பைக்குள் திணித்தால் ஓலை உடையும். உச்சியில் வலை வைத்த தொப்பியையும் தவிருங்கள், வகிட்டில் வெயில் சுடும். வலை பக்கவாட்டில் இருப்பதே சரி. கொடைக்கானல், ஊட்டி பக்கம் நடப்பவர்கள் குளிரை நம்பி இதில் அசட்டையாக இருக்கிறார்கள். 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல்.

வெளிப்புறம் வெளிர்நிறம், விளிம்பின் அடிப்புறம் கறுப்பு அல்லது கரும்பச்சை நல்லது. அடிப்புறம் வெள்ளையாக இருந்தால் மணலிலிருந்தும் சாலையிலிருந்தும் எழும் கூச்சம் அதில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும்.

தலை அளவை, புருவத்துக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி டேப்பால் எடுங்கள். தொப்பிக்கும் நெற்றிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கமானது இரண்டு மணி நேரத்தில் தலைவலி தரும். தாடை நாடா கட்டாயம். அது காதுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கிளையாக இறங்க வேண்டும். முன்னால் மட்டும் இருந்தால் காற்றில் தொப்பி பின்னால் சாய, நாடா தொண்டையை அழுத்தும். வீட்டு மின்விசிறியை முழுவேகத்தில் வைத்து எதிரே நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

நைலான் சீக்கிரம் காயும், பருத்தி வியர்வையைத் தேக்கும். ஆனால் திண்டுக்கல் போன்ற உள்மாவட்டத்தின் வறண்ட வெயிலில் நனைத்த பருத்தித் துண்டைத் தொப்பிக்கடியில் போட்டுப் பிடரிவரை தொங்கவிட்டால் நன்றாகக் குளிரும். வேளாங்கண்ணி போன்ற கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு பலன் இராது.

நெற்றிப்பட்டையில் வெள்ளையாக உப்புப் படிந்தால் அது விறைத்துத் தோலை உராயும். அன்றன்று மாலை வெறும் தண்ணீரில் பட்டையை மட்டும் அலசி, நிழலில் கவிழ்த்து உலர்த்துங்கள்.