கருப்பை வாயை ஒளியால் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் உடலுறவால் தொற்றும் ஹெச்பிவி என்ற வைரஸ் உடலை விட்டுப் போகாமல் தங்கி, அங்குள்ள செல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அப்புறம்தான் புற்றாகிறது. இதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டுபிடித்துவிட்டால் சின்ன சிகிச்சையிலேயே தடுத்துவிடலாம். இவ்வளவு அவகாசம் இருந்தும் 2022-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 3,50,000 பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். பரிசோதனைக்கே வராமல் போவதுதான் பெரிய காரணம். ஆனால், பரிசோதனை மேசை வரை வந்த பிறகும் நோய் கைநழுவிப் போகும்போது மனம் இன்னும் வலிக்கிறது. அந்தத் தவறுகள் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியவை.

கால்போஸ்கோப் என்பது கருப்பை வாயைப் பார்க்க உதவும், நல்ல வெளிச்சமும் உருப்பெருக்கியும் சேர்ந்த கருவி. 1925-ல் ஜெர்மனியில் ஹின்செல்மான் என்ற மருத்துவர் அதை அறிமுகப்படுத்தினார். மாறிவிட்ட செல்களில் உட்கரு பெரிதாகிறது, அதனால் ஒளி அதிகம் சிதறுகிறது. ரத்த நாளங்களின் வடிவமும் மாறுகிறது. ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், பச்சை வடிகட்டி போட்டால் அந்த நாளங்கள் கறுப்பாக எடுத்துத் தெரியும். நீல ஒளியோ புற ஊதா ஒளியோ பட்டால் திசு தானாகவே லேசாக ஒளிரும். அடியிலுள்ள கொலாஜன் என்ற புரதம் தரும் அந்த ஒளிர்வு, நோய் மாற்றம் உள்ள இடத்தில் மங்கிவிடும். பழைய கருவியானாலும் புதிய கருவியானாலும் படிப்பது இந்தத் தடயங்களைத்தான்.

முதல் தவறு, வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் நோய் என்று முடிவு கட்டுவது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவினால் மாற்றமுள்ள இடம் வெளுக்கும், உண்மைதான். ஆனால் அழற்சியும் வெளுக்கும், ஆறிவரும் புண்ணும் வெளுக்கும், இளம்பெண்களிடம் இயல்பாகவே உருமாறிக்கொண்டிருக்கும் திசுவும் வெளுக்கும். அடர்ந்த வெள்ளையா, ஓரம் தெளிவாக இருக்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது, நாளங்கள் எப்படி இருக்கின்றன என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். அப்போதும் அது சந்தேகம்தான். உறுதி செய்வது பயாப்ஸி, அதாவது சின்னத் திசுத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது.

அடுத்தது அவசரம். அமிலம் தடவியதும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வெண்மை முழுதாக வர ஒரு நிமிடமாவது ஆகும். லேசான மாற்றத்தின் வெண்மை சீக்கிரம் மறைந்துவிடும், தீவிர மாற்றத்தின் வெண்மை சில நிமிடங்கள் நிற்கும். அந்த நேரமே ஒரு தடயம், அதைப் பொறுமையின்மைக்குப் பலி கொடுக்கக் கூடாது. வரிசையும் முக்கியம். முதலில் உப்புநீரால் துடைத்து, பச்சை ஒளியில் நாளங்களைப் பார்க்க வேண்டும். பிறகு அமிலம், கடைசியில்தான் அயோடின். அயோடின் நல்ல திசுவை ஆழ்ந்த பழுப்பாக்கிவிடும், அதற்குப் பிறகு நாளங்களைத் தேடிப் பயனில்லை.

என் பார்வையில் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, கண்ணுக்கு எட்டாத இடத்தை நல்ல இடம் என்று எழுதிவிடுவது. வெளிப்புறத் தட்டைச் செல்களும் உட்புறத் தூண் செல்களும் சந்திக்கும் எல்லையில்தான் பெரும்பாலான மாற்றங்கள் தொடங்குகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு அந்த எல்லை கருப்பை வாயின் குழாய்க்குள் ஏறிவிடும். வெளியே பார்த்தால் எல்லாம் இளஞ்சிவப்பாக, பளபளப்பாக, அழகாக இருக்கும். பூட்டிய அறையின் கதவைப் பார்த்துவிட்டு உள்ளே யாரும் இல்லை என்று சொல்வது போன்றது அது. எல்லை முழுவதும் தெரிந்ததா, பாதி தெரிந்ததா, தெரியவே இல்லையா என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால், தேவையைப் பொறுத்துக் குழாயின் உட்புறத்திலிருந்து திசு எடுக்க வேண்டும் (கர்ப்பிணிகளுக்கு மட்டும் இப்படி உட்புறத்தைச் சுரண்டி எடுப்பது கூடாது).

ஒரே ஒரு பயாப்ஸியோடு நிறுத்துவதும் இதே வகைதான். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பயாப்ஸி தீவிர மாற்றங்களில் சுமார் 60 சதவீதத்தைத்தான் பிடித்தது. இரண்டு எடுத்தபோது சுமார் 85, மூன்று எடுத்தபோது சுமார் 95 சதவீதம். சந்தேகப்பட்ட ஒவ்வொரு இடத்திலும் எடுப்பதில் வரும் சின்ன வலி, ஒன்றைத் தவறவிடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

புதிய கருவிகளுக்கும் எல்லைகள் உண்டு. ஓசிடி எனப்படும் ஒளி ஸ்கேன் திசுவின் அடுக்குகளை மிக நுட்பமாகக் காட்டும், ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் வரைதான். மாற்றம் சுரப்பிகளின் இடுக்குகளில் அதைவிட ஆழமாகவும் இறங்கியிருக்கலாம். ஒளிர்வுக் கருவிகளில் ஒரு துளி ரத்தமே ஒளியை விழுங்கி, நோய் போல இருட்டாகக் காட்டும். வயதும் மாதவிடாய் நின்றதும் ஒளிர்வை மாற்றுவதால், ஊருக்கெல்லாம் ஒரே சராசரி அளவை வைக்காமல், அதே பெண்ணின் நல்ல திசுவோடு ஒப்பிடுவதே சரி.

செயற்கை நுண்ணறிவும் அப்படித்தான். ஒரு வகைக் கேமராவின் படங்களில் பயின்ற மென்பொருள், வேறு கேமராவின் படங்களில் தடுமாறும். மங்கலான படம், ஈரத்தில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், பாதி மறைந்த கருப்பை வாய் என எதைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு பதில் சொல்லிவிடும். அதனால் படம் தகுதியானதா என்று முதலில் ஒரு மனிதர் பார்த்தாக வேண்டும்.

பரிசோதனைக்கு வரும் பெண்களுக்குச் சில வார்த்தைகள். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து வாருங்கள். பரிசோதனைக்கு முந்தைய ஓரிரு நாட்கள் உள்ளே வைக்கும் மருந்துகளும் உடலுறவும் வேண்டாம். பயாப்ஸி எடுத்தாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். லேசான மாற்றங்கள் பெரும்பாலும் தானாகவே சரியாகின்றன. ஆனால் ஆபத்து அதிகமுள்ள ஹெச்பிவி 16 அல்லது 18 வகை இருப்பதாக வந்து, கால்போஸ்கோப்பியில் எதுவும் தெரியவில்லை என்றால், அத்தோடு விட்டுவிடாதீர்கள். பொதுவாக ஓராண்டில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அந்தத் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.